தாண்டும் முன் என்ன சொல்ல வேண்டும்? புதிய பயிற்றுநர்களுக்கான செய்முறை

நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டும் மாணவரிடம் "முழங்காலை வேகமாக நீட்டு" என்று சொல்வதும், "கோட்டைக் கடந்து முடிந்தவரை தள்ளிப் போய் விழு" என்று சொல்வதும் ஒரே பலனைத் தருவதில்லை. ஜாரெட் போர்ட்டரும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகைச் சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக 177 செ.மீ., இரண்டாம் வகையைக் கேட்டவர்கள் 187 செ.மீ. தாண்டினார்கள். உடலுறுப்பை நினைத்தவுடன், தானாக நடக்க வேண்டிய அசைவில் மனம் குறுக்கிட்டு அதன் ஒழுங்கைக் கெடுக்கிறது என்பது உடல் அசைவுகளைக் கற்பது பற்றி ஆராயும் காப்ரியேலே வுல்ஃப் போன்றோர் தரும் விளக்கம்.

இதை உங்கள் மைதானத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். முதலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து அளவு நாடாவை நேராக விரித்து வையுங்கள். மாணவர்கள் மெல்லோட்டம் ஓடி உடலைச் சூடாக்கிய பின், எந்தக் குறிப்பும் சொல்லாமல் இரண்டு மூன்று முறை தாண்டச் செய்து, கோட்டுக்கு மிக அருகில் பதிந்த குதிகால் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, மாணவரால் எட்ட முடியாத தொலைவில், ஏறக்குறைய மூன்று மீட்டரில், ஒரு கோனை (கூம்பு வடிவ அடையாளப் பொருளை) வைத்து, "கோனுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய் விழு" என்று மட்டும் சொல்லுங்கள். கோட்டை விட்டு விலகுவதை நினைத்தபோது தாண்டியதைக் காட்டிலும் தொலைவிலுள்ள இலக்கை நினைத்தபோது அதிகம் தாண்டியதை 2012இல் போர்ட்டர் குழுவின் மற்றோர் ஆய்வு காட்டியது. குறிப்பு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்; தயாராகி நிற்பவரிடம் கை, இடுப்பு, பாதம் என்று அடுக்கிக்கொண்டே போவது நம் மைதானங்களில் ஊறிப்போன பழக்கம், அதை விட்டுவிடுவதே நல்லது.

ஒப்பிடுவதற்காக முழங்கால் குறிப்பையும் சொல்லித் தாண்டச் செய்யுங்கள். ஆனால் பாதிப் பேருக்கு அதை முதலிலும் மீதிப் பேருக்கு இறுதியிலும் கொடுங்கள். இல்லாவிட்டால் களைப்பால் குறைந்த தூரத்தைச் சொல்லின் விளைவு என்று எண்ணிவிடுவீர்கள். முயற்சிகளுக்கு இடையே ஓரிரு நிமிட ஓய்வும் தேவை.

தரையிறங்கும்போது முழங்கால் உட்புறம் மடிவது போன்ற குறைகளைத் திருத்த உறுப்பைச் சுட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அளந்து தாண்டும் நேரத்தில் அல்லாமல் தனியாக, மெதுவான பயிற்சியில் அதைச் செய்யுங்கள்.

செங்குத்தாகத் தாண்டுவதற்கும் இதே முறை பொருந்தும். அங்கே கோனுக்குப் பதிலாகச் சுவரில் உயரக் குறியிட்டு, விரல் நுனியைப் பற்றிப் பேசாமல், தொட வேண்டிய குறியை மட்டும் சொல்லுங்கள்.