குடும்பக் கல்லறையில் படைவீரர் கல்லை நிமிர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கிழக்கு டென்னசியில், குன்றுச்சரிவுகளில், புல்வெளிக்கு நடுவே, வேலியடைத்த சிறு குடும்பக் கல்லறைகள் நிறைய உண்டு. பத்துப் பதினைந்து கற்களுக்குள் ஒன்றிரண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்களுடையவை. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும், போரில் இறந்த வீரர்களுக்கான நினைவு நாளுக்குள் சாய்ந்த கற்களை நிமிர்த்திவிடவேண்டும் என்று ஆண்டுதோறும் புதிய தன்னார்வலர்கள் வருகிறார்கள். இப்போது நம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்களும் பிள்ளைகளோடு வருவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், சென்ற வாரம் ஓர் இளைஞர் காரிலிருந்து சிமெண்ட் மூட்டையை இறக்கியபோது எனக்கு நெஞ்சு பதறியது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே மூட்டையைத்தான் சுமந்துகொண்டு குன்றேறினேன்.

கல்லைத் துலக்கக் கம்பித் தூரிகை, ப்ளீச், உயரழுத்தத் தண்ணீர் ஆகியவை கூடாது என்பதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிமெண்ட்

தனியார் கல்லறைகளில் புதைக்கப்பட்ட ஒன்றியப் படைவீரர்களுக்கும் (அந்தப் போரில் வடக்குத் தரப்பில் சண்டையிட்டவர்கள்) அரசே கல் தரலாம் என்று 1879-இல் சட்டம் வந்தது. அப்படி வந்த வெண்பளிங்குப் பலகைகள் 4 அங்குலத் தடிமன் கொண்டவை. கேடய வடிவத்துக்குள் பெயரும் படைப்பிரிவும் செதுக்கியிருக்கும். பீடம் கிடையாது, நேராக மண்ணில் நடுவதுதான் முறை.

குளிர்காலத்தில் மண்ணின் ஈரம் உறைந்து பொங்கும், பிறகு இளகித் தளரும். கல்லும் அதற்கேற்ப அசைந்துகொடுக்கும். ஆண்டுக்கணக்கில் மெல்லச் சாயுமே தவிர, உடையாது. கான்கிரீட்டில் பதித்துவிட்டால் அசைய வழியில்லை. புல்வெட்டும் வண்டி இடித்தாலும் கிளை முறிந்து விழுந்தாலும், அத்தனை விசையும் கான்கிரீட்டின் மேல்விளிம்பில் ஒரே கோட்டில் இறங்கும். அங்கேதான் கல் முறியும். போதாததற்கு, சிமெண்டின் உப்பு ஈரத்தோடு பளிங்குக்குள் ஏறுகிறது. ஈரம் காயும் இடத்தில் உப்பு படிகமாகி, கல்லின் முகத்தைச் சர்க்கரைபோல உதிர்க்கிறது.

நான் பதித்த கல் இரண்டு குளிர்காலம் நின்றது. மூன்றாம் கோடையில் புல்வெட்டும் வண்டி லேசாகத்தான் இடித்ததாம். சரியாகக் கான்கிரீட் விளிம்பில் இரண்டாகிவிட்டது. அடிப்பாகத்தை மீட்கலாம் என்று உளியால் கான்கிரீட்டைக் கொத்தியபோது அதுவும் நொறுங்கியது. அந்த வீரரின் வழிவந்த முதிய அம்மையார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “சாய்ந்தே இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். நூறாண்டுக்கு மேல் நின்ற கல் அது. அரசிடம் விண்ணப்பித்தால் மாற்றுக் கல் இலவசமாகக் கிடைக்கலாம். தனியார் நிலத்தில் நடும் செலவு நம்முடையது. ஆனால், அந்த அம்மையார் சிறுமியாக இருந்தபோது விரலால் தடவிப் பார்த்த எழுத்துகள் புதிய கல்லில் வராது. இன்றும் சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. “உறுதியாக நிற்கும்” என்று நம்பித்தான் எல்லாரும் இதைச் செய்கிறார்கள்.

செய்யவேண்டியது இதுதான்: குழியின் அடியில் சில அங்குலம் உடைந்த ஜல்லியைப் போட்டுத் திமிசால் இடியுங்கள். கல்லை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஜல்லியும் மணலும் கலந்து, நாலு நாலு அங்குலமாக இடித்து நிரப்புங்கள். மேலே மட்டும் மண். நீர் வடியும், கல் மூச்சுவிடும், நாளை மறுபடி சாய்ந்தால் கையால் தோண்டி எடுக்கலாம். பீடத்தின் பள்ளத்தில் பொருந்தும் கல்லாக இருந்தால் சுண்ணாம்புச் சாந்து போதும். சற்றே சாய்ந்த கல்லைத் தொடவே வேண்டாம்.

தேய்ந்த எழுத்தைச் சவர நுரை பூசிப் படிப்பது

வேண்டாம். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்புங்கள், எழுத்து தெரியும்.

முந்திக்கொண்டு கல் வாங்குவது

1990 நவம்பர் 1-க்கு முன் இறந்த வீரரின் கல்லறையில் ஏற்கெனவே தனியார் கல் இருந்தால், அரசு இன்னொன்று தராது. அடையாளமில்லாத கல்லறைக்கு நன்கொடை திரட்டும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். 1917 ஏப்ரல் 6-க்கு முன்பே பணி முடிந்தவர் என்றால், உறவினர் அல்லாதவரும் விண்ணப்பிக்கலாம்.

கொடி

நினைவு நாள் முடிந்ததும், வீரரின் கல்லருகே நட்ட கொடியைக் கந்தலாகும் முன் எடுத்துவிடுங்கள்.

பெயரில்லாக் கற்கள்

வீரரின் கல்லைச் சுற்றிக் கைப்பிடி உயரத்தில் எழுத்தே இல்லாத காட்டுக்கற்கள் நிற்கும். அவை மனைவிக்கோ குழந்தைகளுக்கோ வைத்தவையாக இருக்கும். பளிங்கு வாங்க வசதி இல்லாத வீட்டார் வயலிலிருந்து எடுத்துவந்து நட்டது. தரையோடு படர்ந்த பசுங்கொடியையும் பள்ளமான மண்ணையும் பார்த்தாலே, அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். தொடங்கிய புதிதில், புல்வெட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று அப்படி ஏழு கற்களைப் பிடுங்கி வேலியோரம் குவித்தோம். எது எங்கே நின்றது என்று இன்றுவரை அந்தக் குடும்பத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை.