திருகோணமலையில் கலியாணப் பூவுக்குத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோடனைக்காரரிடம் போகும் பெரும்பாலான வீட்டார் கையோடு கொண்டுபோவது கைபேசியில் ஒரு படம். கொழும்பிலோ சென்னையிலோ குளிரூட்டிய மண்டபத்துக்குள் எடுத்த படம். "இதே மாதிரி வேணும், எவ்வளவு வரும்?" என்று கேட்டால் அவர் ஒரு மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவார். என்ன பூ, எத்தனை பூ, எப்போது வந்து சேரும், எத்தனை மணி வரை தாங்கும் என்பதெல்லாம் அந்த ஒற்றைத் தொகைக்குள் காணாமல் போய்விடும். மற்றத் தவறுகளில் பாதி இங்கிருந்தே தொடங்குகின்றன. படத்தைக் காட்டுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு தாளில் மூன்று விசயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: முகூர்த்த நேரம், மணவறை நிற்கப்போகும் இடம், மணவறையின் அகலமும் உயரமும் அடிக்கணக்கில்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் பூவைத் தெரிவது

வைகாசி, ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் கச்சான் காற்றுக் காலத்துக்குள் விழுகின்றன. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டுக் கிழக்குப் பக்கம் காய்ந்து வரும் காற்று இது. அந்தக் காற்றில் தண்டு உறிஞ்சும் தண்ணீரைவிட இதழ் இழக்கும் தண்ணீர் கூடிவிடுகிறது. ஹைட்ரேஞ்சியாவும் ஜெர்பெராவும்தான் முதலில் தலைசாயும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹொட்டேல் முற்றத்திலோ கடற்கரையிலோ மணவறை போடுகிறவர்கள் இவற்றை விட்டுவிடுவது நல்லது. அந்தூரியம், ஓர்க்கிட், செவ்வந்தி மூன்றும் நின்றுபிடிக்கும். வெளியில் வளைவு வைப்பதென்றால் ஒவ்வொரு காலுக்கும் மணல்மூட்டை கட்டவேண்டும். அந்த மூட்டைகளை மறைக்கும் துணியும் இலையும்கூடச் செலவுதான், விலை கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள்.

தை மாதத்துக்குப் பிரச்சினை வேறு. வாடை மழை முழுதாக விட்டிருக்காது, மல்லிகையும் குறைவாகவே பூக்கும். மாதக் கடைசி முகூர்த்தங்கள் பெப்ரவரி 14ஐ ஒட்டி வருவதால் சிவப்பு ரோசாவின் விலை ஏறும். அந்த நாட்களில் சிவப்பை விட்டு வெள்ளைக்கோ இளமஞ்சளுக்கோ மாறினால் செலவு கணிசமாகக் குறையும். தாமரை வேண்டுமென்கிறவர்கள் வெசாக் நாளையும் பார்த்துக்கொள்ளவேண்டும். அன்று குளத்துத் தாமரை எல்லாம் விகாரைகளுக்குப் போய்விடும்.

கலியாணத்தன்று காலையில் பூ வந்தால் போதும் என்று நினைப்பது

ரோசா, கார்னேஷன், செவ்வந்தி போன்றவை பெரும்பாலும் நுவரெலியாப் பக்கக் குளிரில் வளர்ந்தவை. கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இறங்கி வந்து சேரும்போது களைத்துத்தான் வரும். வந்த கையோடு குத்தினால் மணவறையில் பத்து மணிக்கே வாடும். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தமென்றால் புதன் இரவு பூ ஊருக்குள் இருக்கவேண்டும். இறக்கியதும் நீருக்குள் இருக்கப்போகும் இலைகளைக் கிள்ளி, தண்டின் அடியில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றரைச் சரிவாக வெட்டி, கழுவிய வாளியில் நிழலில் இரவு முழுக்க நிறுத்தவேண்டும். வியாழன் பிற்பகல் குத்தத் தொடங்கலாம். இதற்கு ஓர் அறையும் 10, 15 வாளிகளும் தேவை. சோடனைக்காரரிடம் அந்த அறை இருக்கிறதா, அல்லது உங்கள் வீட்டையா நம்பியிருக்கிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டில் வைப்பதாக இருந்தால் இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. பந்தியில் வைக்க வாங்கிய வாழைக்குலையை எந்த அறையில் தொங்கவிட்டிருக்கிறார்களோ அதே அறைக்குள் பூவையும் வைத்துவிடுவார்கள். பழுக்கும் வாழையும் மாம்பழமும் எதிலீன் என்ற வாயுவை விடுகின்றன. கதவைச் சாத்திய அறையில் ஓரிரவு போதும். காலையில் கார்னேஷன் இதழ்கள் தூங்குகிறதுபோல உள்நோக்கிச் சுருண்டிருக்கும், ஓர்க்கிட் பூக்கள் காம்போடு கழன்று விழும். அப்போது பூக்காரர் பழைய பூவைத் தந்துவிட்டார் என்று சண்டை நடக்கும். பழத்தை ஒரு பக்கமும் பூவை இன்னொரு பக்கமும் வையுங்கள். அந்தூரியத்தையும் ஓர்க்கிட்டையும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணிக்கவேண்டாம். இரண்டும் வெப்பநாட்டுப் பூக்கள், அந்தக் குளிரில் கறுத்துப்போகும். ரோசாவுக்குத்தான் குளிர் நல்லது.

ஒயாசிஸைத் தண்ணீருக்குள் அமுக்குவது

பூ குத்தும் அந்தப் பச்சைக் கட்டியை அவசரத்தில் கையால் அமுக்கித் தாழ்த்துகிறவர்கள் பலர். வெளிப்பக்கம் நனைந்து கரும்பச்சையாகிவிடும், பார்த்தால் ஊறிவிட்டது போலவே இருக்கும். கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள், நடுவில் வெளிறிய காய்ந்த கட்டியாக அப்படியே இருக்கும். நீர் சுற்றி மூடியதால் உள்ளே இருந்த காற்று வெளியேற வழியில்லை. அந்த இடத்தில் நுனி குத்திய பூவுக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. ஒரே கொத்தில் நாலு ரோசா நிற்க ஒன்று மட்டும் வாடுவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். நீரின்மேல் மிதக்கவிட்டு, அது தானாகத் தாழும் வரை காத்திருக்கவேண்டும். ஒருதரம் நனைந்து காய்ந்த கட்டி மறுபடி சரியாக நீர் பிடிக்காது, போன கலியாணத்தில் மிஞ்சியதைப் பாவிக்க விடாதீர்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 2 லீற்றர் நீர் குடிக்கும். மணவறை மேற்சட்டத்தில் 20 கட்டி ஏற்றினால் பூவும் இலையும் சேராமலே 40 கிலோ. சட்டத்தைக் கட்டுகிறவருக்கு அந்த எடையைச் சொல்லிவிடவேண்டும்.

கணக்குப் பார்க்காமல் "நெருக்கமாப் போடுங்கோ" என்பது

12 அடி அகல மணவறைக்குப் பின்னால் 5 அடி நீளச் செவ்வந்திச் சரங்கள் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். 6 அங்குலத்துக்கு ஒரு சரமென்றால் 25 சரம், 125 அடி. அடிக்கு 12 பூ போனாலும் 1500 பூ. இடைவெளியை 9 அங்குலமாக்கினால் 17 சரம், 85 அடி, 1020 பூ. 480 பூ மிச்சம். பின்னால் பட்டுத் துணி இருந்தால் பத்தடி தள்ளி இருக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் அளவு, சரம், பூ என்று எழுத்தில் வாங்கினால்தான் இரண்டு சோடனைக்காரர்களின் விலையை ஒப்பிடமுடியும். மொத்தத் தொகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

எல்லா இடத்திலும் ஒரிஜினல் பூவே வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதும் பணத்தை வீணாக்கும். எங்கள் கணக்கில், கைபடும் இடத்துக்கும் உடம்பில் படும் இடத்துக்கும்தான் நல்ல பூ முதலில் போகவேண்டும்: மாலை, தலைப்பூ, தாலித் தட்டு, மணமக்கள் இருக்கும் இருக்கையின் இரு பக்கம். ஏழடிக்கு மேலே இலையும் துணியும், தேவையென்றால் செயற்கைப் பூவும் போதும். வாசலுக்கு வாழைமரம், மாவிலைத் தோரணம், தென்னங்குருத்துச் சோடனை, நிறைகுடத்துக்குப் பக்கத்தில் கமுகம்பூ. இதைவிட அழகான வாசலை எந்த விலைகூடிய பூவும் தராது என்பது எங்கள் உறுதியான எண்ணம். குருத்தை முதல் நாள் வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால் மறுநாளும் வளையும், முறியாது. ஆனால் குருத்து எடுத்தால் தென்னை பின்வாங்கும், அதனால் தறிக்கப்போகும் மரத்தில் எடுப்பதுதான் நியாயம்.

மாலையும் கூறையும்

நெருக்கிக் கட்டிய ரோசா மாலை இரண்டு கிலோவைத் தாண்டலாம். மணமகள் அதைக் கழுத்தில் போட்டு அக்கினி வலம் வரவேண்டும், குனிந்து நிமிரவேண்டும், படத்துக்கு நிற்கவேண்டும். மாதிரி மாலை ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டே சொல்லுங்கள். மாலை வாடாதிருக்க நீர் தெளிப்பது வழக்கம், ஆனால் அது சொட்டச் சொட்டக் கழுத்துக்குப் போனால் பட்டுக் கூறையில் கறை விழும். கட்டியபின் ஒரு மணிநேரம் தொங்கவிட்டு நீர் வடியவிடவேண்டும். லில்லி பாவித்தால் மலர்ந்தவுடன் நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் செம்மஞ்சள் தூள் பட்டில் பட்டால் தண்ணீரால் துடைக்கக்கூடாது, துடைத்தால் ஊறிப் பரவும். ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கவேண்டும்.

மல்லிகை இரவில் விரியும் பூ. காலை முகூர்த்தத்துக்கு முந்திய நாள் மாலையில் வாங்கி வெளியில் வைத்தால் விடியும்போது முழுதாக விரிந்து ஓரம் பழுப்படிக்கும். மொட்டாகக் கட்டி, பிழிந்த ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வையுங்கள். துணியில் தண்ணீர் தேங்கக்கூடாது. உறவுப் பெண்களுக்குக் கொடுக்கும் பூவை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. 60 பேருக்குத் தலைக்கு ஒரு முழமென்றால் 60 முழம், அது தனிச் செலவு.

தேவாலயக் கலியாணம் வைப்பவர்கள் திகதிக்கு முன் பங்குத்தந்தையிடம் பேசவேண்டும். தவக்காலத்தில் கத்தோலிக்கப் பீடத்தைப் பூவால் அலங்கரிப்பதில்லை.

எழுத்தில் இல்லாத செலவுகள்

பூவின் விலைக்கு வெளியே லொறிக்கூலி, இரவு வேலைக்காரருக்குச் சாப்பாடும் தங்குமிடமும், குத்துவிளக்கு, பித்தளைச் சாமான்களுக்கான வைப்புப் பணம், கழற்றும் கூலி எல்லாம் இருக்கின்றன. கேட்ட பூ கிடைக்காவிட்டால் பதிலுக்கு என்ன பூ, அதை யார் தீர்மானிப்பது, விலை குறைந்தால் மிச்சம் யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முற்பணம் கொடுத்தாலும் கடைசிப் பங்கைச் சோடனை முடிந்து பார்த்தபின் கொடுப்பதாக வையுங்கள். மொத்தத்தில் பத்திலொரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள், முதல் நாள் இரவில் ஏதாவது ஒன்று குறையத்தான் செய்யும்.

மண்டபத்தை எத்தனை மணிக்கு ஒப்படைக்கவேண்டும் என்று கேட்டு, கழற்றும் ஆட்கள் அதற்கு ஒரு மணிநேரம் முன்னமே வரும்படி பேசிவையுங்கள். பூவையும் இலையையும் தோட்டத்தில் குழிவெட்டிப் புதைக்கலாம். ஒயாசிஸ் கட்டியை அதில் சேர்க்கவேண்டாம், கடலிலும் கொட்டவேண்டாம். அது பிளாஸ்டிக், தூளாகுமே தவிர மக்காது. தனிப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள்.