சின்ன விறகடுப்பில் புகையில்லாமல் சமைக்க

வெளியில் எடுத்துப்போகும் சின்ன விறகடுப்புகளில் பலவும் இரட்டைச் சுவர் கொண்டவை. ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பாவை இறக்கிவைத்தது போல இருக்கும். வெளிச்சுவரின் அடித்துளைகளில் நுழையும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு சாம்பல் தட்டின் கீழிருந்து நேராக விறகுக்குள் ஏறுகிறது. மறு பங்கு இரு சுவர்களுக்கும் நடுவில் சூடேறிக்கொண்டே மேலே போய், உட்சுவரின் விளிம்பை ஒட்டிய துளைகளில் வெளிவருகிறது. விறகிலிருந்து கிளம்பும் புகை அங்கே சூடான காற்றில் கலந்து எரிந்துவிடும். புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள்தான். அதனால் அடுப்பு புகைந்தால், முதலில் விறகையும் அந்த மேல் துளைகளையும் பாருங்கள்.

விறகு

வேலையில் பாதி இதுதான். பென்சில் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம் வரை உள்ள சுள்ளிகள் போதும். அதற்கு மேல் தடிமனானவை இந்தச் சின்ன அடுப்பில் புகையத்தான் செய்யும். 5 முதல் 8 செ.மீ. நீளத்துக்கு ஒடித்து, கனவாரியாக மூன்று குவியலாக வையுங்கள். பற்றவைப்பதற்கு முன்பே ஒடித்து முடித்துவிட வேண்டும். சுள்ளிகள் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும், நடுவில் ஒடிக்க நேரம் கிடைக்காது. நல்ல காய்ந்த விறகு என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 100 முதல் 150 கிராம் வரை பிடிக்கும். இருந்தாலும் அதைப்போல இரு மடங்கு சேர்த்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒடிக்கும்போது ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்து நார் உரிந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். அதை ஆவியாக்கவே தீயின் சூடு செலவாகிவிடும். தரையில் கிடப்பதைவிட, பட்டுப்போய் மரத்திலேயே தொங்கும் சுள்ளிகள் உலர்ந்திருக்கும். மழைக்குப் பிறகு என்றால் கொஞ்சம் கனமான காய்ந்த கிளையைப் பிளந்து உள்பக்கத்துச் சிராய்களை எடுங்கள்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தேற்றிய மரம் எதுவும் வேண்டாம். அரளிக் குச்சியை அடுப்பிலும் வைக்கக்கூடாது, கிளறவும் பயன்படுத்தக்கூடாது; அது விஷம்.

இடம்

சுற்றிலும் ஒரு மீட்டருக்குச் செத்தை, புல் எல்லாவற்றையும் விலக்கி, வெறும் மண் தெரியும் சமதரையில் வையுங்கள். நீரில் ஊறிய கல்மேல் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். கூடாரத்துக்குள்ளோ மூடிய இடத்திலோ எரிக்கவே கூடாது. தீ அடங்கி வெறும் தணலாக இருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வரும்; அதற்கு மணம் கிடையாது.

பற்றவைத்தல்

கனமான சுள்ளிகள் அடியில், மெலிந்தவை மேலே என்று அடுக்குங்கள். அடுக்கு மேல் துளைகளுக்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிட வேண்டும். துளைகளை விறகு மறைத்துவிட்டால் இரட்டைச் சுவர் இருந்தும் பயனில்லை. பெரும்பாலான புகைக்கு இதுதான் காரணம். உச்சியில் மரச்சீவலோ, பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பஞ்சு உருண்டையோ வைத்து, மேலிருந்து பற்றவையுங்கள். வழக்கமான அடுப்புக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் தீ மேலிருந்து கீழே இறங்கும்போது, அடியிலிருந்து கிளம்பும் புகை தீயைத் தாண்டித்தான் வெளியேற முடியும். பெட்ரோலை ஊற்றிப் பற்றவைக்க வேண்டாம்.

பாத்திரத்தை உடனே ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மேல் துளை ஒவ்வொன்றிலிருந்தும் தீ நாக்கு உள்நோக்கிச் சீறுவது தெரியும். அதுதான் ஏற்றும் நேரம்.

சமைக்கும்போது

தீயைக் கூட்டிக் குறைக்க இதில் திருகு இல்லை. எனவே சமையலின் வரிசையைத் தீயின் போக்குக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள்: கொதிக்க வேண்டியது முதலில், மெதுவாக வேக வேண்டியது தணல் நிலையில். தொடர்ந்து தழல் வேண்டுமென்றால், தீ இறங்குவதற்கு முன்பே ஒரு தடவைக்கு இரண்டு மூன்று சுள்ளிகள் மட்டும் போடுங்கள். தணலான பிறகு ஒரு கைப்பிடியை அப்படியே கொட்டினால் குப்பென்று புகை எழும். அப்போது ஊதுகுழலால் அடித்துளை வழியே ஊதினால் தீ பிடித்துக்கொள்ளும்.

விளிம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் நடுவில் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி தேவை. நெருங்கினால் தீ குளிர்ந்த அடியில் பட்டு அணைந்து கரியாகப் படியும். கரியை முற்றாகத் தவிர்க்க முடியாது. பாத்திரத்தின் வெளிப்புறம் மட்டும் திரவ சோப்பை மெல்லத் தடவிவிட்டு ஏற்றினால் கழுவும்போது எளிதாக வந்துவிடும். அகலமான அடி, மூடி இரண்டும் விறகை மிச்சப்படுத்தும். உயரமான, கனமான பாத்திரம் கவிழும்.

காற்று அடித்தால் அது வரும் பக்கம் மட்டும் அரைவட்டமாகத் தடுப்பு வையுங்கள். முழுக்கச் சுற்றி அடைத்தால் அடுப்புக்கு மூச்சு முட்டும். நன்றாக எரிந்துகொண்டிருந்த தீ திடீரென்று சோம்பினால் தட்டில் சாம்பல் அடைத்திருக்கும். குச்சியால் பக்கவாட்டில் தட்டுங்கள்.

அணைத்தல்

முடிந்தவரை எரிந்து சாம்பலாகட்டும். சூடான அடுப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் தகடு கோணிவிடும். மிச்சத் தணலை இடுக்கியின் உதவியோடு வாளித் தண்ணீரில் கொட்டிக் கிளறுங்கள். மண்ணைப் போட்டு மூடினால் மட்டும் போதாது. உள்ளே கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியாத அளவுக்கு ஆறின பிறகு கிளம்பலாம். அடுப்பு ஆறியதும் சாம்பலைத் தட்டிக் கொட்டி, மேல் துளைகளில் ஒரு கம்பியை விட்டு எடுத்துவிடுங்கள். உட்சுவரில் படிந்த கரியைத் தேய்க்க வேண்டியதில்லை. ஈரச் சாம்பலோடு பையில் போட்டால்தான் தட்டு துருப்பிடித்து ஓட்டையாகும்.