100 என்றால் நூறு பேர் இல்லை: ஏற்காட்டை வைத்து கூகுள் டிரெண்ட்ஸ் பழகுவோம்

ஏற்காட்டில் இரண்டு அறை ஹோம்ஸ்டே வைத்திருப்பவருக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்பவருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: சனங்கள் எப்போது தேடுகிறார்கள்? ஒரு சொல் கூகுளில் எப்போது கூடுதலாக, எப்போது குறைவாகத் தேடப்படுகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்ட கூகுள் டிரெண்ட்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. காசு கிடையாது, 2004 முதலான தகவல் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள எண் எதை எண்ணுகிறது என்று தெரியாமல் பார்த்தால், ஆஃப் சீசனில் ஆள் போட்டு அறைக்குப் பெயின்ட் அடிப்பதற்குப் பதில் விளம்பரத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்போம்.

முதல் படி: இடமும் காலமும்

டிரெண்ட்ஸில் எக்ஸ்ப்ளோர் பகுதிக்குப் போங்கள். இடத்தில் இந்தியா, அதற்குள் தமிழ்நாடு. காலத்தில் கடந்த 5 ஆண்டுகள். ஹோம்ஸ்டேக்காரர்கள் தமிழ்நாட்டோடு நிறுத்தக் கூடாது. பெங்களூர் வண்டிகள் எத்தனை மலையேறுகின்றன என்பது கொண்டை ஊசி வளைவில் நின்றாலே தெரியும். கர்நாடகத்தை வைத்தும் ஒருமுறை தனியாகப் பாருங்கள்.

இரண்டாம் படி: சொல்

'ஏற்காடு' என்று தட்டினால் கீழே சில பரிந்துரைகள் வரும். 'தேடல் சொல்' என்றிருப்பது நீங்கள் தட்டிய எழுத்தை மட்டும் எடுக்கும். 'தலைப்பு' வகையில் வருவது தமிழ், ஆங்கிலம், எழுத்துப் பிழை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். ஊர்ப் பெயருக்குத் தலைப்பே நல்லது. தலைப்பு கிடைக்காவிட்டால், தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று எனத் தட்டி நடுவில் கூட்டல் குறி போடுங்கள்.

கொலுசில் வேறு வம்பு. அந்தச் சொல்லைத் தேடுபவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டுதான் வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். 'கொலுசு -பாடல்' என்று கழித்தல் குறியை அடுத்த சொல்லோடு ஒட்டிப் போட்டால் அந்தத் தேடல்கள் விலகும். 'வெள்ளி கொலுசு' இன்னும் சுத்தம்.

மூன்றாம் படி: கோட்டைப் படிப்பது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். 100 என்பது தேடல் எண்ணிக்கை இல்லை. மொத்தத் தேடலில் உங்கள் சொல்லின் பங்கு எந்த வாரம் அதிகமோ, அந்த வாரத்துக்கு 100 கொடுத்து மற்றதை அதற்கு ஏற்பச் சுருக்குகிறார்கள்.

கற்பனைக் கணக்கு ஒன்று. ஒரு வாரம் மொத்தம் 10,000 தேடல், அதில் ஏற்காடு 20. பங்கு 0.20 சதவீதம். இன்னொரு வாரம் மொத்தம் 20,000, அதில் ஏற்காடு 30. பங்கு 0.15 சதவீதம். முதல் வாரம் 100 என்றால் இரண்டாம் வாரம் 75. தேடியவர்கள் கூடினார்கள், கோடு இறங்கிவிட்டது! ஆகவே 'கோடு சரிகிறது, தொழில் படுத்துவிட்டது' என்று உடனே கையைப் பிசைய வேண்டாம்.

இன்னும் சில பள்ளங்கள்:

5 ஆண்டுப் படத்தில் ஒரு புள்ளி ஒரு வாரம், அதுவும் ஞாயிறு முதல் சனி வரை. வார இறுதியை நம்பிய மலைத் தொழிலுக்கு இது தலைவலி. சனி ஒரு புள்ளியில், ஞாயிறு அடுத்ததில் விழும். நாள்வாரியாகப் பார்க்க 90 நாள் காலத்தை எடுங்கள்.

கோட்டின் வால் புள்ளிக் கோடாக இருந்தால் அந்த வாரம் இன்னும் முடியவில்லை. விழுந்ததுபோல் தெரிவது பாதிக் கணக்கு.

2004 முதல் பார்த்தால் 2011, 2016, 2022 ஜனவரிகளில் சிறு குறிப்பு நிற்கும். கூகுள் கணக்கிடும் முறையை மாற்றிய இடங்கள் அவை. அங்கே கோடு குதித்தால் ஊரில் காரணம் தேடாதீர்கள்.

நான்காம் படி: ஒப்பிடுவது

ஒரே நேரத்தில் சில சொற்களைச் சேர்த்து வைக்கலாம். ஊட்டியைப் பக்கத்தில் வைத்தால் ஏற்காட்டின் கோடு தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் 100 இப்போது ஊட்டிக்குப் போய்விட்டது. ஏற்காட்டின் சீசன் தெரிய அதைத் தனியாகவே பாருங்கள். மே மாதக் கோடை விழா நேரத்தை முந்தைய ஆண்டின் அதே நேரத்தோடு ஒப்பிட வேண்டும், ஜூனோடு இல்லை.

வெள்ளிக் கொலுசு விற்பவர்களுக்கு ஆங்கில மாதமே சரிப்படாது. அட்சய திருதியை 2024இல் மே 10, 2025இல் ஏப்ரல் 30. மாதத்தை வைத்து ஒப்பிட்டால் 2025 மே அநியாயமாக அடிவாங்கியதாகத் தோன்றும். பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரங்களை எடுத்து ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: வரைபடமும் தொடர்புடைய தேடலும்

வரைபடத்தில் முதலிடத்தில் நிற்கும் ஊர் அதிகம் தேடிய ஊர் இல்லை. அங்கும் பங்குதான். சென்னையில் பத்து மடங்கு பேர் தேடியிருந்தாலும், சின்ன ஊர் மேலே நிற்கலாம். பார்சல் எங்கே அதிகம் போகும் என்பதற்கு உங்கள் கூரியர் ரசீதே சாட்சி.

தொடர்புடைய தேடல்களில் 'பிரேக்அவுட்' என்று வந்தால் 5,000 சதவீதத்துக்கு மேல் உயர்வு என்று பொருள். 2 தேடல் 110 ஆனாலும் அது பிரேக்அவுட்தான். செய்தியில் மலைப்பாதையில் மண்சரிவு என்று வந்தாலும் ஊர்ப் பெயர் எகிறும்; வந்து தங்க எவரும் அப்போது தேடுவதில்லை. கூகுளே 2008இல் தேடலை வைத்துக் காய்ச்சலைக் கணிக்கத் தொடங்கி, 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவின் காய்ச்சலை ஏறக்குறைய இரு மடங்காகச் சொல்லி மாட்டிக்கொண்டது. பயத்தில் தேடுபவரும் நோயில் தேடுபவரும் அந்த எண்ணில் ஒன்றுதான்.

ஆறாம் படி: மறுநாள் மறுபடி

இந்தத் தகவல் மொத்தத் தேடலும் இல்லை, அதிலிருந்து எடுத்த ஒரு சாம்பிள் மட்டுமே. குறைவாகத் தேடப்படும் சொல்லுக்கு இன்று 40 வந்தது நாளை 52 ஆகலாம். மூன்று வெவ்வேறு நாள்களில் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்செல்லில் சராசரி போடுங்கள். பிறகு பக்கத்துப் பத்தியில் உங்கள் பதிவேட்டை வையுங்கள், ஆனால் விருந்தினர் தங்கிய தேதியை இல்லை, முன்பதிவு செய்த தேதியை.