செமஸ்டரின் கடைசி வாரங்கள்: மாணவர் ஐக்கியம் நடத்துபவர்களுக்கு

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்திலோ பாலிடெக்னிக்கிலோ தமிழ்க் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் நடத்துகிறீர்களா? செமஸ்டர் முடியப்போகிறது என்றதும் முதலில் மனதில் ஓடுவது பெரும்பாலும் கடைசியாக ஒரு பெரிய கூட்டம்தான். பாட்டு, சாட்சி, பிரியாணி, குரூப் போட்டோ. நானும் சில வருடங்கள் அப்படித்தான் செய்தேன். ஒரு நவம்பரில், பதின்மூன்றாவது வாரத்தில், அறை நிறைய ஆட்கள் வந்த கூட்டம் ஒன்றை நடத்தி முடித்துவிட்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போன ஒரு தம்பிக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். டிக்கெட் விலை கட்டுப்படியாகாமல் டிசம்பர் முழுக்க அவன் இங்கேயே ஹாஸ்டலில் தனியாக இருந்திருக்கிறான். ஊருக்குப் போயிருப்பான் என்று நாங்கள் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம், கிறிஸ்துமஸ் அன்றுகூட யாரும் கூப்பிடவில்லை. ஜனவரியில் அவன் ஐக்கியத்துக்கு வரவில்லை. தேடிப்போய்ப் பார்த்தபோது கோபப்படவில்லை, "பரவாயில்லண்ணா" என்று மட்டும் சொன்னான். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். செமஸ்டர் முடிவதற்குள், நம்மோடு இருக்கும் ஒவ்வொருவரும் விடுமுறையில் எங்கே இருப்பார்கள், யாரோடு இருப்பார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற வேலைகளெல்லாம் அதற்குப் பிறகு.

நாட்காட்டியை எடுத்து, முதல் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்) பாடங்கள் 13 வாரம், அப்புறம் வகுப்பில்லாமல் படிப்பதற்கென்று ஒரு ரீடிங் வீக், அதன் பின் இரண்டு வாரம் தேர்வு. ஆகஸ்ட்டில் தொடங்கும் செமஸ்டருக்கு நவம்பர் கடைசியில் தேர்வு ஆரம்பிக்கும், ஜனவரியில் தொடங்குவதற்கு ஏப்ரல் கடைசியில். மற்றப் பல்கலைக்கழகங்களில் கணக்கு கொஞ்சம் மாறும். பாலிடெக்னிக்கில் கதையே வேறு, அங்கே செமஸ்டர் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. அதாவது அண்ணன்மார் அக்காமார் தேர்வுப் பதற்றத்தில் இருக்கும் ஏப்ரல் கடைசியில் பாலி தம்பி தங்கைகள் புது வகுப்பில் இப்போதுதான் ஆள் பழகிக்கொண்டிருப்பார்கள். உங்கள் குழுவில் இரண்டு தரப்பும் இருந்தால் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்து எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். அந்த வாரங்களில் வேதபாடத்தைப் பாலி பிள்ளைகளிடமே கொடுங்கள், அவர்கள் வளர்வது அப்படித்தான்.

பெரிய கூட்டம் வேண்டும் என்றால் பத்தாவது வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்றில் புராஜெக்ட், பிரசன்டேஷன் என்று பிள்ளைகள் தூங்குவதே கிடையாது. அந்த நேரத்தில் "கட்டாயம் வரணும்" என்று மெசேஜ் போட்டால் வராதவர்கள் குற்ற உணர்வோடு ஒதுங்குவார்கள், வந்தவர்கள் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். அக்டோபர், நவம்பரில் தீபாவளியும் வரும். அதற்கு முந்தைய நாளில் கூட்டம் வைக்காதீர்கள், நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தீபாவளி உண்டு. இரண்டாம் செமஸ்டரில் புனித வெள்ளியும் ஈஸ்டரும் வருவதால் தனிக்கூட்டமே தேவையில்லை, சபை ஆராதனைக்குச் சேர்ந்து போங்கள், போதும்.

சரி, பதினோராவது வாரத்திலிருந்து என்ன செய்வது? ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள். இருபது பேர், நான்கு தலைவர்கள் என்றால் ஆளுக்கு ஐந்து பேர்தான். தம்பிகளை அண்ணன்மாரும் தங்கைகளை அக்காமாரும் பார்ப்பது நல்லது. கேன்டீனில் ஒரு டீ, அரை மணி நேரம். "எப்படிப்பா இருக்க" என்று கேட்டால் "நல்லா இருக்கேண்ணா" என்றுதான் பதில் வரும், அதனால் குறிப்பாகக் கேளுங்கள். எந்தப் பாடம் பயமாக இருக்கிறது? கடைசிப் பேப்பர் என்றைக்கு? ஹாஸ்டலை எப்போது காலி செய்ய வேண்டும், அதற்குப் பிறகு எங்கே தங்குவாய்? ஊருக்கா, இன்டர்ன்ஷிப்பா, பார்ட் டைம் வேலையா? அங்கே உன்னோடு சேர்ந்து ஜெபிக்க யாராவது இருக்கிறார்களா? இந்த செமஸ்டரில் படித்ததில் எது மனதில் ஒட்டியது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராமலும் போகலாம். அப்போது பிரசங்கம் ஆரம்பித்துவிடாதீர்கள், சும்மா இருங்கள், கொஞ்ச நேரம் கழித்து அவர்களே ஏதாவது சொல்வார்கள். அவர்கள் போனபிறகு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பேசும்போது எழுதினால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

இப்படிப் பேசும்போது சில சமயம் கனமான விஷயம் வெளியே வரும். பல வாரமாகத் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் ஜெபித்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். ஜெபியுங்கள், கூடவே இருங்கள், வளாகத்திலுள்ள கவுன்சலிங் பிரிவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள். தற்கொலைத் தடுப்புக்கான சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். உங்கள் போதகருக்கும் தெரியவேண்டும் என்று அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிட்டு அவரிடம் சொல்லுங்கள், இதை ஒரு மாணவத் தலைவர் தனியாகச் சுமக்கக்கூடாது.

இனி, அதிகம் பேர் கவனிக்காத ஒரு விஷயம். விடுமுறை எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. இங்கேயே எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கும் பிள்ளைக்குச் சபை இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது. மலேசியப் பிள்ளைகள் கடைசிப் பேப்பர் முடிந்த அன்றே ஜொகூர் பஸ் ஏறிவிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் சிலர் போவார்கள், சிலர் காசு மிச்சம் பிடிக்க இங்கேயே இருப்பார்கள், அதை வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள். இங்கே தங்குபவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, சபைக் குடும்பங்களிடம் இப்போதே பேசுங்கள்: டிசம்பரில் ஞாயிறுக்கு ஒரு வீடு, மதியச் சாப்பாடு, கிறிஸ்துமஸ் அன்று யார் வீட்டில் யார். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமானாலும் டோர்செட் சாலை கிறிஸ்து ஆலயமானாலும் ஓபீர் சாலை லூர்து அன்னை ஆலயமானாலும், "ஊர்ப் பிள்ளை ஒருத்தன் தனியா இருக்கான் ஆன்ட்டி" என்று சொன்னால் கதவு திறக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பவும் கவலை இந்து வீடுகளிலிருந்து வந்து இயேசுவைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான். ஹாஸ்டலில் இருக்கும்வரை அவர்களைச் சுற்றி நாம் இருக்கிறோம். வீட்டுக்குப் போனதும் பொங்கல், தைப்பூசம், பாட்டியின் பூஜை அறை, அம்மாவின் கேள்விகள். "வீட்டில் தைரியமாகச் சொல்லிவிடு" என்று உசுப்பேற்றி அனுப்புவது எளிது, விளைவுகளைச் சந்திக்கப்போவது அந்தப் பிள்ளைதான். நான் சொல்வது வேறு. வீட்டுக்குப் போனால் முதலில் பாத்திரம் கழுவு, அப்பாவோடு உட்கார்ந்து பேசு, பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போ. உன்னிடம் மாற்றம் இருந்தால் அவர்கள் அதை அங்கேதான் பார்ப்பார்கள். கேட்டால் மறைக்காதே, பொய் சொல்லாதே, ஆனால் சண்டைக்குப் போகாதே. அவர்கள் கும்பிடுவதைக் கேலி பேசாதே. எதில் கலந்துகொள்வது, எதில் கலந்துகொள்ளாமல் மரியாதையோடு கூடவே நிற்பது என்பதை இப்போதே அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து நிதானமாக யோசியுங்கள், பொங்கல் அன்று காலையில் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இந்த நாட்டில் மத நல்லிணக்கத்துக்கென்றே 1990இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையை இழுக்கிறார்கள் என்ற பேருக்கு நாம் இடம் கொடுக்கக்கூடாது. முடிந்தால் அந்தப் பெற்றோரை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.

தேர்வு வாரங்களில் கூட்டமே வேண்டாம், சாப்பாடு கொடுங்கள். வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்துக் கிடந்தபோது தேவதூதன் முதலில் செய்தது அடையும் தண்ணீரும் கொடுத்ததுதான், தூங்கவிட்டு மறுபடியும் கொடுத்தான். சபை ஆன்ட்டிமாரிடம் மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டால் தயிர்சாதம், புளிச்சாதம், அவித்த முட்டை என்று பொட்டலம் கட்டித் தருவார்கள். ஹாஸ்டல் வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், உட்கார்ந்து பேசாதீர்கள். சபையில் ஒரு அறையை இரவு பத்து மணிவரை படிப்பதற்குத் திறந்துவிடச் சொல்லுங்கள், ஏர்கானும் வைஃபையும் இருந்தால் போதும், ஒன்பது மணிக்கு விருப்பமுள்ளவர்கள் மட்டும் ஐந்து நிமிடம் ஜெபிக்கலாம். தேர்வு நாள் காலையில் பெயர் சொல்லி, பாடத்தின் பெயரும் சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். "கர்த்தர் உனக்கு ஏ கிரேடு கொடுப்பார்" என்று எழுதிவிடாதீர்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

கடைசிப் பேப்பர் முடிந்ததும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சேர்ந்து சாப்பிடுங்கள், இருப்பவர்கள் வந்தால் போதும். படிப்பை முடித்துப் போகிறவர்களுக்காக அங்கேயே, பெயர் சொல்லி, சுருக்கமாக ஜெபியுங்கள். அவர்கள் அடுத்து எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள், "பார்க்கணும்" என்று சொன்னால் வரும் ஞாயிறு நீங்களே கூட்டிப்போங்கள். வேறு ஊருக்குப் போகிறவர்களை அங்குள்ள சபைக்கு அறிமுகப்படுத்துவதென்றால் கைபேசி எண்ணை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

புதிய தலைவர்களுக்குப் பொறுப்பு மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறை முன்பதிவு யார் பெயரில், வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் யார், காணிக்கையில் மிச்சம் எவ்வளவு, இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். உங்கள் நோட்டில் இருப்பதை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். நம்பிச் சொன்னவை அவை, சொன்னவரைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போகவேண்டும்.

விடுமுறைக்குப் பெரிய திட்டம் எதுவும் நிற்காது, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள், ஊருக்குப் போகிறவர் ஒருவராவது, இங்கே இருப்பவர் ஒருவராவது ஒவ்வொரு மூவரிலும் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு அழைப்பு, ஞாயிறு இரவு ஒன்பதுக்கு, தமிழ்நாட்டில் அப்போது ஆறரை. டிசம்பரில் லூக்கா சுவிசேஷம் படிக்கலாம், 24 அதிகாரம் இருக்கிறது, ஒன்றாம் தேதி தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முடியும். தேர்வு முடியாதவர்கள் பிந்தித் தொடங்கட்டும். மே மாதம் என்றால் மாற்கு, 16 அதிகாரம், வாரத்துக்கு நான்கு. யாராவது இரண்டு வாரம் அழைப்பில் வராவிட்டால் மற்ற இருவரில் ஒருவர் தனியாகப் போன் செய்யவேண்டும், குரூப்பில் கேட்கக்கூடாது.

அப்புறம், பிரிவதற்கு முன்பே அடுத்த செமஸ்டரின் முதல் வாரத்தில் யார் யாரைத் தேடிப்போவது என்று எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் குழுவில் அந்தப் பட்டியலில் முதல் பெயர் இப்போதும் நாகர்கோவில் தம்பிதான். இந்த முறை அவனுக்கு எதிரே என் பெயர் இருக்கிறது.