விமானப் பராமரிப்புப் பொறியாளர்களுக்கான அதிகாரபூர்வக் கையேடுகளைத் தேடி எடுப்பது எப்படி?

ஏஎம்இ எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே மாணவர்களின் கைபேசியில் பிடிஎஃப் கோப்புகள் குவிந்துவிடுகின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறி வரும் அவற்றில் பலவற்றுக்கு அட்டைப் பக்கமே இருப்பதில்லை. அந்நூல்களை வெளியிட்டவர்களின் தளங்களிலிருந்தே, பெரும்பாலும் கட்டணமின்றி, எடுத்துக்கொள்ளும் வழியை இங்கே விளக்குகிறேன். படிப்பதற்கான கையேடு வேறு, விமானத்தில் கைவைக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டிய மேனுவல் வேறு என்பதை மட்டும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிடைக்கும் இடங்களும் வேறு.

படி 1: பாடநூல்கள்

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் தளத்தில் ‘ரெகுலேஷன்ஸ் அண்ட் பாலிசீஸ்’ பகுதிக்குள் ‘ஹேண்ட்புக்ஸ் அண்ட் மேனுவல்ஸ்’ பக்கத்தைத் திறந்து, ‘ஏவியேஷன்’ பட்டியலுக்குச் செல்லுங்கள். வேண்டியவை மூன்று: ஜெனரல் (8083-30), ஏர்ஃப்ரேம் (8083-31), பவர்பிளான்ட் (8083-32). இந்திய ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் சிஏஆர்-66 (பொறியாளர் உரிமத்துக்கான விதித்தொகுப்பு) வகுக்கும் மாட்யூல்கள், அதாவது பாடப் பகுதிகள், ஐரோப்பியப் பாடத்திட்டத்தை ஒட்டியவை என்பதால் இவை அத்தியாயத்துக்கு அத்தியாயம் பொருந்தமாட்டா. ஆயினும் மாட்யூல் 6-க்கு (பொருள்களும் வன்பொருள்களும்) ஜெனரல் நூலும், 15, 16, 17-க்குப் (இன்ஜின்களும் புரொப்பெல்லரும்) பவர்பிளான்ட் நூலும் நல்ல துணை. மாட்யூல் 7-க்கு (பராமரிப்பு நடைமுறைகள்) மட்டும், பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான சிஏஏ இலவசமாக வெளியிடும் சிஏபி 562 தொகுப்பையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

படி 2: பதிப்பைச் சரிபார்த்தல்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தலைப்பை வைத்துத் தேடினால் தேடுபொறி பழைய பதிப்பையும் புதியதையும் கலந்தே காட்டும். ஆவண எண்ணின் இறுதியில் வரும் எழுத்துதான் எது எதுவென்று சொல்லும். ஜெனரல் நூல் 2008-இல் எழுத்தேதும் இல்லாமல் வந்தது, 2018-இல் 30ஏ ஆனது, 2023-இல் 30பி ஆனது.

சோதனை, பழுதுபார்ப்பு முறைகளைத் தரும் எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி என்ற ஆலோசனைச் சுற்றறிக்கையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 1998-இல் வெளியான அதற்கு 2001-இல் ‘சேஞ்ச் 1’ வந்தது; ஆவண எண் மாறவில்லை, திருத்தப்பட்ட பக்கங்கள் மட்டும் மாற்றி வைக்கப்பட்டன. ஆகவே ஒரே கோப்பில் சில பக்கங்களின் தலைப்பில் 9/8/98 என்றும், வேறு சிலவற்றில் 9/27/01 என்றும் இருக்கும். முதலாவதை ஆகஸ்ட் 9 என்று படித்துவிடாதீர்கள். அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால் வருவதால் அது செப்டம்பர் 8. இரண்டாவது தேதி எந்தப் பக்கத்திலும் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது திருத்தத்துக்கு முந்தைய படி. அந்தச் சுற்றறிக்கையின் முதல் பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள்: அழுத்தமூட்டப்படாத பகுதிகளுக்கு மட்டும், அதுவும் தயாரிப்பாளரின் அறிவுறுத்தல் இல்லாதபோது மட்டுமே அது பொருந்தும்.

படி 3: ஒரு விமானத்துக்குரிய ஆவணங்கள்

இதற்கு எஃப்ஏஏவின் ஒழுங்குமுறை ஆவணங்களைத் தேடித் தரும் டிஆர்எஸ் தளம் வேண்டும். பழைய வகுப்புக் குறிப்புகளில் காணப்படும் ஆர்ஜிஎல் இணைப்புகள் இனிப் பயன்படா, ஏனெனில் அத்தளம் 2022-இல் மூடப்பட்டு அதன் உள்ளடக்கம் டிஆர்எஸ்ஸுக்கு மாற்றப்பட்டது. செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். விமானத்தின் பெயரை இடாமல், அதன் வகைச் சான்றிதழ் எண்ணான 3ஏ12 என்பதை இட்டுத் தேடி, நடப்பிலுள்ள டிசிடிஎஸ் (வகைச் சான்றிதழ்த் தரவுத்) தாளைத் திறந்து, உங்கள் மாடலுக்கான பகுதிக்குச் செல்லுங்கள். 172எஸ் என்றால் இன்ஜின் லைகமிங் ஐஓ-360-எல்2ஏ என்று அங்கே இருக்கும். எந்த வரிசை எண்கள் அந்தப் பகுதிக்குள் அடங்கும் என்பதும் இருக்கும்.

இன்ஜினின் முழுப் பெயர் கிடைத்த பிறகு லைகமிங் தளத்துக்குச் செல்லுங்கள். சர்வீஸ் புல்லட்டின்களும் இன்ஸ்ட்ரக்‌ஷன்களும் அங்கே இலவசமாகவே உள்ளன: எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதற்கு இன்ஸ்ட்ரக்‌ஷன் எண் 1014, ஓவர்ஹால் இடைவெளிக்கு 1009. இவற்றிலும் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள்.

இறக்கிய கோப்புகளுக்கு ஆவண எண், பதிப்பு எழுத்து, தேதி என்ற வரிசையில் பெயரிடுவது நல்லது. படிக்கச் சுமத்ரா பிடிஎஃப் செயலியே எனக்குப் பிடித்தது; ஆயிரம் பக்கக் கோப்பையும் பழைய மடிக்கணினியில் சட்டென்று திறந்துவிடும்.

பின்சேர்க்கை: ஏ320, 737 விமானங்களின் ஏஎம்எம் (பராமரிப்பு மேனுவல்) எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவை பொதுவெளியில் வெளியிடப்படுவதில்லை. விமான நிறுவனத்துக்கும் பராமரிப்பு நிறுவனத்துக்கும் உரிய கணக்கின் வழியாகவே, ஏர்பஸ்ஸிடமிருந்தும் போயிங்கிடமிருந்தும் வந்து சேர்கின்றன. இணையத்தில் உலவும் பிரதிகளை வைத்து ஏடிஏ அத்தியாய அமைப்பை (விமானத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் எண் தரும் பொது முறையை)ப் பழகிக்கொள்ளலாம் என்பார்கள். 24 மின்சாரம், 27 பறப்புக் கட்டுப்பாடு, 32 லேண்டிங் கியர் என்ற வரிசையை அறிய அந்தப் பிரதிகள் தேவையில்லை, ஏடிஏ அத்தியாயப் பட்டியல் ஒன்றே போதும். ஹேங்கரில் வேலை செய்யும்போது, பராமரிப்பு நிறுவனங்களுக்கான சிஏஆர்-145 விதியின் 45-ஆம் பிரிவின்படி நடப்பிலுள்ள தரவு மட்டுமே செல்லும். எனவே பயிற்சிக்குச் சென்ற முதல் நாளே நிறுவனத்தின் தொழில்நுட்ப நூலகத்தில் கணக்குக் கேட்டு வாங்கி, டாஸ்க்கை (செய்யவிருக்கும் பணிக்கான வழிமுறையை) அச்சிடும் முன் ரிவிஷன் தேதியோடு, அது உங்கள் முன் நிற்கும் விமானத்தின் பதிவெண்ணுக்குப் பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.