ஆஸ்பத்திரி மாறினால் மாத்திரை மாறும்: செய்யக்கூடாத தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லைப் பக்கம் இருக்கும் களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதியில் பல வீடுகளில் மாத்திரை டப்பாவைத் திறந்தால் பாதி திருவனந்தபுரத்தில் எழுதிக் கொடுத்தது, மீதி இங்கே ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் வாங்கியது. நோய் ஒன்றுதான், மருந்தின் பெயர்தான் வேறு. ஏனென்றால் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு மருந்துப் பட்டியல் உண்டு, ஃபார்முலரி என்பார்கள். டாக்டர்களும் மருந்தாளுநர்களும் சேர்ந்த குழு, பலன், பக்கவிளைவு, விலை எல்லாம் பார்த்து, ஒரே வேலையைச் செய்யும் பல மருந்துகளில் ஒன்றிரண்டை மட்டும் அதில் வைக்கும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் கழகமும் இங்கே வேறு, கேரளத்தில் வேறு.

இதில் பெரிய தவறு, பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்குவதுதான். அங்கே கம்பெனி பெயரில் கொடுத்த பிரஷர் மாத்திரை, இங்கே ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்று மருந்தின் பெயரிலேயே வரும். நிறமும் வேறு, பேரும் வேறு, அப்போ இது வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுத்தால் கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். சுகர் மாத்திரை கிளிமிபிரைடு இப்படி இரட்டிப்பானால் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, ஆளே மயங்கி விழலாம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி பெயர் தவிர, பொடி எழுத்தில் மூலமருந்தின் பெயரும் அளவும் இருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

அதுவும் எப்போதும் போதாது. டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரை பட்டியலில் இல்லையென்றால் அதற்குப் பதில் லோசார்டான் எழுதலாம், பெயர் வேறு, வகை ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. அட்டை இதைச் சொல்லாது. கவுண்டரில் வாயைத் திறந்து கேளுங்கள்: ‘இது எதுக்குப் பதிலா?’

இலவச மாத்திரைக்கு நோய் கேட்காது என்று நிறுத்திவிடுவது அடுத்த தவறு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் மருந்தை மாதிரி எடுத்துப் பரிசோதித்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. அப்புறம், பெரிய ஆன்டிபயாடிக்தான் வேண்டும் என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். கொலிஸ்டின் மாதிரி மருந்துகளைப் பட்டியலில் கட்டுப்பாட்டோடு வைத்திருப்பது வேறு எந்த மருந்துக்கும் நோய் அடங்காத நோயாளிக்காக.

வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், இந்த மூன்றிலும் கம்பெனி மாறினால்கூட டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வார்ஃபரின் என்றால், ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையை மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு, சீட்டில் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.